கப்பல் கட்டிய வளவைத் தேடும்போது விடும் பிழைகள்

வல்வெட்டித்துறையில் தகப்பனும் மகனுமாகக் கப்பல் கட்டிய வளவு உங்கள் குடும்பத்துக்கு இருந்திருந்தால், இன்று அங்கே மணலும் யாரோ எழுப்பிய மதிலும்தான் மிச்சம். அதைப் பதிந்து வைக்கக் கிளம்பும் பேரப்பிள்ளைகள் முதலில் தேடுவது வரைபடத்தை. பெரும்பாலும் அது கிடைக்காது, ஏனென்றால் அளவெல்லாம் தலைமைத் தச்சரான மேத்திரியாரின் கண்ணிலும் கோலிலும்தான் இருந்தது. அதனால் கொட்டிலில் கிடக்கும் வளைந்த பலகைத் துண்டை விறகென்று எரித்துவிடாதீர்கள், அது வங்கு (கப்பலின் விலாமரம்) வெட்டிய அச்சாக இருக்கலாம், ஓரத்தில் உளிக்கீறல் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள்.

மரம் செதுக்கும் வாய்ச்சி, உளி எது கிடைத்தாலும் தேய்க்காதீர்கள், வார்னிஷ் பூசாதீர்கள். நான் ஒரு கொட்டாப்புளியை (மரச் சுத்தியலை) அப்படித் தேய்த்துவிட்டேன். அடிவாங்கிய முகத்தில் இருந்த குழிகளும் அப்பியிருந்த குங்கிலியமும் ஒரே பின்னேரத்தில் போய்விட்டன. அதைப் பிடித்தவர் எப்படிச் சாய்த்து அடித்தார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது, அது இன்றும் மனதை அறுக்கிறது.

வயதானவரைக் கதிரையில் இருத்தி "அந்தக் காலம் எப்படி?" என்று கேட்டால் நாலு வார்த்தையோடு முடிந்துவிடும். இரண்டு பலகைகளைச் சேர்த்து வைத்து, இடுக்கை அடைக்கக் கையில் கொஞ்சம் பஞ்சைக் கொடுங்கள். பெருவிரலால் முறுக்கி இடுக்குக்குள் தள்ளத் தொடங்கியதும் பேச்சு தானாக வரும். அவர் 'ஏரா' என்றால் ஏரா என்றே எழுதுங்கள், 'அடிமரம்' என்று திருத்த வேண்டாம்.

ஒரே பெயரில் தேடுவது இன்னொரு பெரிய பிழை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் போய்ச் சேர்ந்தபோது அதன் பெயர் 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்'. வாங்கிய வில்லியம் ரொபின்சன் தன் மனைவியின் பெயரை வைத்திருந்தார். ஊர்ப்பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கடல் கடந்த பிறகு நடந்தது ஒன்றும் கிடைக்காது. உங்கள் வளவுக் கப்பலும் கைமாறியிருந்தால் யார் வாங்கினார், என்ன பெயர் வைத்தார் என்பதையும் விசாரியுங்கள்.

பிறகு, முதலாளி பெயரோடு நின்றுவிடாதீர்கள். மரம் அரிந்தவர், ஆணி அடித்துக் கொடுத்த கொல்லர், பலகை இடுக்குகளில் பஞ்சடைத்த கலப்பத்துக்காரர் எல்லோருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பழைய படங்களை ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் செய்யுங்கள், அவர்கள் பெயர் பென்சிலில் இருப்பது பலமுறை அங்கேதான்.