வாசலோடு திரும்பிப்போன ஏரிக்காரர்

போன மாதம், ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் நிகழ்ச்சிப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் இளம் ஆசிரியை ஒருவர் நிகழ்ச்சி நிரலை அனுப்பி, "சார், ஒருதடவை பாத்துச் சொல்லுங்க" என்றார். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். மரக்கன்று நடுதல், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை நான்கு பேர், எல்லாம் முடிந்த பிறகு சிறப்புரை. பதினான்கு வருடங்களுக்கு முன் நான் போட்ட நிரலை யாரோ நகலெடுத்துக் கொடுத்தது போலிருந்தது.

மைக் கரகரப்பது, புரொஜெக்டர் வயர் பொருந்தாமல் போவது, சுற்றுச்சூழல் கூட்ட மேடையிலேயே பிளாஸ்டிக் பாட்டில் வரிசையாக நிற்பது, இதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. ஒருமுறை மானம் போனால் அடுத்தமுறை தானாகச் சரியாகிவிடும்.

ஜூன் 5-இல் குழி தோண்டுவது

1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கிய நாள்தான் ஜூன் 5. சென்னை வெயிலைக் கேட்டு வைத்த தேதி இல்லை. கேரளத்தில் அந்த வாரம் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும், கன்று பிழைத்துக்கொள்ளும். சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்குமேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள்தான் பெய்கிறது. ஜூனில் மாணவர்களும் விடுமுறையில் இருப்பார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது.

நான் நட்டது முப்பது கன்று. அடுத்த வருடம் எஞ்சியவை ஐந்து. அதில் இரண்டை, புது ஒர்க்‌ஷாப் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடும்போது வெட்டினார்கள். வளாகத்தின் மாஸ்டர் பிளான் என் அறை அலமாரியிலேயே இருந்தது. கட்டடம் வரைய சொல்லிக்கொடுக்கும் ஆள், கன்று நடும்முன் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

அக்டோபர் முதல் திங்கட்கிழமைக்குத் தள்ளிவையுங்கள். உலகக் கட்டடக்கலை தினமும் உலக வாழ்விட தினமும் அன்றுதான் வருகின்றன, மழையும் பின்னாலேயே வந்துவிடும். புங்கன், பூவரசு, வேம்பு போதும்.

ஜூரி வாரத்தில் சொற்பொழிவு

வேண்டாம். வரைந்ததை நடுவர்கள் முன் வைத்து மதிப்பெண் வாங்கும் வாரம் அது. இரண்டு இரவு தூங்காத பிள்ளைகள் முன்வரிசையில் சாய்ந்து கிடப்பார்கள்.

பொன்னாடை, நினைவுப் பரிசு

ஒருவருக்கு மட்டும். அதுவும் பேச்சு முடிந்த பிறகு.

பொதுமக்கள் இல்லாத பொதுச் சொற்பொழிவு

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. என்மேல்தான்.

எங்கள் கல்லூரிக்குப் பின்னால் ஓர் ஏரி. செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்பார்கள், அந்த நூற்றுக்கணக்கான ஏரிகளில் ஒன்று. அந்த வருடம் நான்காம் ஆண்டு ஸ்டூடியோவுக்கு, அதாவது வடிவமைப்பு வகுப்புக்கு, அதன் ஓரத்திலேயே ஒரு சூழல் விளக்க மையம் வடிவமைக்கக் கொடுத்தோம். ஜூலையில் மாணவர்கள் போய் அளந்தார்கள். புல் முளைத்த, நல்ல சமதளமான இடம், பக்கத்தில் ஒரு பனைமரக் கூட்டம். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தாலும் வெறும் திடல்தான். ஆகஸ்டில், ஊராரையும் கூப்பிட்டு 'நம் ஏரி' என்று மாலை ஆறு மணிக்கு ஒரு சொற்பொழிவு வைத்தேன். டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் நோட்டீஸ் ஒட்டினோம். 'பொதுமக்கள் அனைவரும் வருக' என்று பெரிய எழுத்தில்.

அரங்கம் நிறைந்திருந்தது. அத்தனை பேரும் வருகைப் பதிவுக்காக உட்காரவைக்கப்பட்ட இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள். பேச்சாளர் ஆங்கிலத்தில் அருமையாகப் பேசினார். ஜியோடேக் போட்டோ எடுத்தோம், கல்லூரித் தரமதிப்பீட்டுக்கான நாக் கோப்பில் சேர்த்தோம். ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லையே என்று கொஞ்சம் அலுத்துக்கொண்டேன், "இவங்களுக்கு அக்கறையே இல்ல" என்றுகூடச் சொன்னேன்.

நவம்பரில் மழை பிடித்தது. கடைசி ஜூரிக்கு முன் இடத்தைப் படம் எடுக்கப் போன மாணவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு போன் செய்தார்கள். ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக உபரிநீர் இறங்கி, நாங்கள் கட்டடம் வரைந்த இடத்தின் நட்டநடுவில் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் திடல் என்று நினைத்தது கலங்கலிலிருந்து தண்ணீர் போகும் வாய்க்கால். நாற்பது பேர், ஒரு செமஸ்டர் முழுக்க, வாய்க்காலுக்குள் கட்டடம் வரைந்திருக்கிறார்கள். பிரிண்ட் செலவு வேறு அவரவர் கையைக் கடித்திருந்தது.

அன்று டீக்கடையில் ஒரு பெரியவர். மதகைத் திறந்து வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் வேலை அவர் குடும்பத்தில் தலைமுறையாக இருந்தது. நீர்கட்டி என்பார்கள், சில ஊர்களில் கம்புகட்டி. அவர் சொன்னார்:

"பசங்க டேப் புடிச்சு அளந்தப்பவே கேட்டேன் சார். சும்மா காலேஜ் வேலை தாத்தான்னாங்க. அப்புறம் நோட்டீஸ் பாத்துட்டு நாங்க ஆறு பேரு வந்தோம். கேட்ல யாரப் பாக்கணும்னு கேட்டாங்க. கூட்டத்துக்கு வந்தோம்னோம். பேரு சொல்லுங்க, யாரு கூப்டாங்கன்னாங்க. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டோம். அங்க கட்னீங்கன்னா ஆடியில பாக்க நல்லாத்தான் இருக்கும். ஐப்பசியில உங்க கட்டடம் நீந்தும்."

காவலாளியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அடையாள அட்டை இல்லாமல், யாரைப் பார்க்கவேண்டும் என்று பதிவேட்டில் எழுதாமல் ஒருவரையும் விடக்கூடாது என்பது கல்லூரி உத்தரவு. அன்று வெளியாட்கள் வருவார்கள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சந்தேகத்துக்கு எனக்குத்தான் போன் செய்திருக்கிறார். சொற்பொழிவு நடக்கிறதென்று சைலன்டில் போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவை கொஞ்சம்தான். நோட்டீஸின் முதல் பிரதி கேட்டுக்குப் போகும், பதிவேடு வேண்டாம் என்று முதல்வர் கையெழுத்தோடு. ஒரு மாணவர் கேட்டிலேயே நின்று ஆட்களை அழைத்துவருவார். முன் இரண்டு வரிசை ஊராருக்கு. பேச்சாளர் 'கேட்ச்மென்ட்', 'சர்ப்ளஸ் வெய்ர்' என்றால், ஒரு பிள்ளை பலகையில் நீர்ப்பிடிப்பு, கலங்கல் என்று எழுதிக்கொண்டே வரவேண்டும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கிராம நிர்வாக அலுவலகத்தில் புல வரைபடத்தையும், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கிறோம். வாய்க்கால் புறம்போக்கு என்ற இரண்டு வார்த்தை பெரும்பாலும் அதில் எழுதியே இருக்கும். செயற்கைக்கோள் படம் கோடையில் எடுத்ததா என்றும் பார்க்கிறோம்.

இப்போது ஏரி பற்றிய பேச்சை அரங்கத்துக்குள் வைப்பதே இல்லை. பிப்ரவரி 2, ஈரநில நாள். 1971-இல் ஈரானின் ராம்சரில் ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை ஏற்கப்பட்ட நாள். 2022-இல் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சேர்த்தார்களே, அந்தப் பட்டியல் இந்த உடன்படிக்கையில் வந்ததுதான். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு வருவதால், மழை ஏமாற்றாத வருடங்களில் ஏரியில் தண்ணீர் நிற்கும், பறவைகளும் இருக்கும். காலை ஏழு மணிக்குக் கரைமேல் கூடுகிறோம். கரையில் யாரும் கேட் போடவில்லை.

கேள்வி நேரம்

பேச்சு முப்பது நிமிடம், கேள்வி முப்பது நிமிடம். முதல் கேள்வி ஊர்க்காரருடையது. பேராசிரியர்கள் 'இது கேள்வியல்ல, ஒரு கருத்து' என்று எழுந்தால் உட்காரச் சொல்லுங்கள். கொஞ்சம் மனத்தாங்கல் வரும், பரவாயில்லை.

இதையெல்லாம் அந்த ஆசிரியையிடம் போனில் சொன்னேன். குறித்துக்கொண்டார். "நிரல மாத்திடறேன் சார். வேற என்ன பாக்கணும்?" என்றார்.

"அன்னைக்கு சாயங்காலம் கேட்ல யாரும்மா டியூட்டி?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. "கேட்டுச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டார்.