தமிழ்த் தரவுக்காக உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ் நிறுவுவது

எங்கள் ஊர் வாசகசாலையின் நூற்பட்டியல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. அந்தச் சேவையகம் என் பொறுப்பு. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் எல்லாமே தமிழில். அதனால் நிறுவும்போது, எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையான எழுத்துக் குறியாக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். கீழே இருப்பது உபுண்டு 24.04 லினக்ஸ் இயங்குதளத்துக்கான வழி, டெபியனுக்கும் ஏறக்குறைய இதுவே. கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்; கீழே வரும் லேங், சி.யூடிஎஃப்-8 இரண்டு மட்டும் பேரெழுத்தில்.

24.04இன் சொந்தக் களஞ்சியத்தில் (மென்பொருள் தொகுப்புகள் இறங்கும் இடம்) போஸ்ட்கிரெஸ் 16 கிடைக்கிறது, 22.04இல் 14தான். ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் ஐந்தாண்டுகளே திருத்தங்கள் வரும். 2021இல் வெளிவந்த 14க்கு 2026 நவம்பரில் அந்தக் காலம் முடிகிறது. எந்தப் பதிப்பு வேண்டும் என்பதை நாமே முடிவு செய்ய, போஸ்ட்கிரெஸ் குழுவினர் நடத்தும் ஆப்ட் (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவி) களஞ்சியமே சிறந்தது.

முதலில், கணினியின் மொழி, எழுத்து அமைப்பைக் காட்டும் 'லோகேல்' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். 'லேங்' வரியின் முடிவில், தமிழையும் தாங்கும் குறியாக்கமான யூடிஎஃப்-8 இருக்க வேண்டும். வெறும் 'சி' அல்லது 'போசிக்ஸ்' என்று இருந்தால், 'அப்டேட்-லோகேல்' கட்டளைக்கு லேங்கின் மதிப்பாக 'சி.யூடிஎஃப்-8' கொடுத்து, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். நிறுவல் முடியும் கையோடு முதல் கிளஸ்டர் (ஒரே சேவையகத்தின் கீழ் இருக்கும் தரவுத்தளங்களின் தொகுதி) தானாக உருவாகிவிடும். அது அந்த நேரத்து லோகேலையே எடுத்துக்கொள்ளும். தரவு ஏறிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அடுத்து, சூடோ (நிர்வாகி) அனுமதியுடன் 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்-காமன்' தொகுப்பை ஆப்ட் மூலம் நிறுவுங்கள். இதற்குள்ளேயே களஞ்சியத்தைச் சேர்க்கும் நிரல் இருக்கிறது: '/யூஎஸ்ஆர்/ஷேர்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்-காமன்/பிஜிடிஜி' அடைவில் உள்ள 'ஆப்ட்.போஸ்ட்கிரெஸ்கியூஎல்.ஆர்க்.எஸ்எச்'. அதை ஓட்டி என்டர் தட்டினால் கையொப்பச் சாவி, களஞ்சிய முகவரி இரண்டையும் சேர்த்துத் தொகுப்புப் பட்டியலையும் புதுப்பித்துவிடும். சாவியை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும் வேலை வேண்டாம்.

இப்போது 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்-17' என்று எண்ணுடன் நிறுவுங்கள். எண்ணை விட்டுவிடாதீர்கள். எண்ணில்லாத தொகுப்பு எப்போதும் புதிய பெரும் பதிப்பின் பின்னால் போகும். பின்னாளில் ஒரு மேம்படுத்தலின்போது காலியான புதுக் கிளஸ்டர் ஒன்று 5433 போர்ட்டில் (இணைப்பு எண்) வந்து நிற்கும், தரவோ பழையதிலேயே இருக்கும்.

'பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்' கட்டளை 17, மெயின், 5432, ஆன்லைன் என்று காட்டினால் சேவையகம் ஓடுகிறது. 'சூடோ -யு போஸ்ட்கிரெஸ் பிஎஸ்கியூஎல்' என்று உள்ளே போய், 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை 'லெங்த்' சார்பிடம் கேளுங்கள். 5 வந்தால் சரி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். 15 வந்தால் அது பைட்டுகளை எண்ணுகிறது, குறியாக்கம் தவறு. கிளஸ்டர் காலியாக இருக்கும்போதே 'பிஜி_டிராப்கிளஸ்டர்' கொண்டு நீக்கி, 'பிஜி_கிரியேட்கிளஸ்டர்' கட்டளையில் லோகேலைக் குறிப்பிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.

அகரவரிசைக்குத் தனிக் கவனம் வேண்டும். சி.யூடிஎஃப்-8 யூனிகோடு எண்ணின்படி அடுக்கும்; அதில் ன, ரவுக்கு முன்னால் வருவதால் 'மனம்' முதலிலும் 'மரம்' பிறகும் வந்துவிடும். தமிழ் நூற்பட்டியலில் இதை ஏற்கவே முடியாது. வினவலின் 'ஆர்டர் பை' பகுதியில் 'கொலேட்' சேர்த்து, இரட்டை மேற்கோளுக்குள் 'டிஏ-எக்ஸ்-ஐசியூ' என்று கொடுங்கள். நம் நெடுங்கணக்கு வரிசை வந்துவிடும்.

செயலிக்கென்று 'கிரியேட்யூசர்' மூலம் கடவுச்சொல்லுடன் தனிப் பயனரையும், 'கிரியேட்டிபி' மூலம் அவருக்கு உரிய தரவுத்தளத்தையும் உருவாக்குங்கள். 'போஸ்ட்கிரெஸ்' பயனரைச் செயலிக்குக் கொடுக்காதீர்கள். சேவையகம் இயல்பாகவே அந்தக் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டும் ஏற்கும். செயலியும் அங்கேயே ஓடுமானால் அப்படியே விட்டுவிடுங்கள்.

17க்குள் வரும் சிறு திருத்தங்கள் வழக்கமான ஆப்ட் மேம்படுத்தலுடன் வந்துவிடும். அப்போது சேவையகம் ஒருமுறை நின்று ஓடும். ஆகவே புத்தகம் வழங்கும் நேரம் முடிந்த பிறகே அதைச் செய்யுங்கள்.