ஆளில்லாத சுரங்க ஊரின் வரலாற்றை வீட்டிலிருந்தே எழுதுவது எப்படி?

இலங்கையின் மட்டக்களப்புப் பக்கம், ஆரையம்பதியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் புவியியலும் வரலாறும் படிப்பிக்கிறேன். செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் காலம் வந்தால் யாராவது ஒரு பிள்ளை போனை நீட்டும்: வீட்டுக்குள் முழங்கால் அளவு மணல், பாதி திறந்த கதவு. "சேர், பாலைவனத்துச் சுரங்க ஊர் பற்றிச் செய்யட்டா?" தாராளமாகச் செய்யலாம். படத்துக்குக் கீழே இருக்கும் "மர்ம நகரம்", "ஒரே இரவில் காலியானது" என்பவற்றைக் கொப்பியில் ஏற்றாமல் இருந்தால் சரி.

ஒரு ஊரை மட்டும் எடுங்கள். நான் வழக்கமாகத் தருவது ஹம்பர்ஸ்டன். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், இக்கீக்கே துறைமுகத்துக்குக் கிழக்கே இருக்கிறது. வெடியுப்பு, அதாவது நைதரசன் உள்ள உப்பு, எடுத்த ஊர். பசளைக்கும் வெடிமருந்துக்கும் உலகமே அதை வாங்கியது.

ஊரைத் தெரிந்தவுடன் பெயரைப் பாருங்கள். 1872இல் தொடங்கியபோது அதன் பெயர் லா பால்மா. இரசாயனப் பொறியியலாளர் ஜேம்ஸ் ஹம்பர்ஸ்டனின் பெயரை 1934இல்தான் வைத்தார்கள். நாடும் மாறியிருக்கிறது: முதலில் அந்த நிலம் பெருவுடையது, 1879இல் தொடங்கிய பசிபிக் போரில்தான் சிலியின் கைக்குப் போனது. ஆகவே பழைய பெயரையும் பழைய நாட்டையும் போட்டுத் தேட வேண்டும். எங்களுக்கு இது பழகிய சங்கதிதான். 1961க்கு முந்திய கல்முனைக் கதையை அம்பாறை மாவட்டத்தில் தேடினால் என்ன கிடைக்கும்? அப்போது அது மட்டக்களப்பு மாவட்டம்.

அப்புறம் செய்மதிப் படம். ஊருக்குப் பக்கத்தில் உச்சி தட்டையாகக் கிடக்கும் மேடுகள் மலையல்ல, உப்பைக் கரைத்தெடுத்தபின் கொட்டிய கழிவு. நேர்க்கோட்டில் வரிசையாக நிற்பவை தொழிலாளர் வீடுகள். நடுவே சதுக்கம், தியேட்டர், நீச்சல் குளம். உலகத்தின் மிக வறண்ட பாலைவனங்களில் ஒன்றில் நீச்சல் குளம்! கண்ணில் படும் ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். வீடு கட்டிய பைன் மரம் வட அமெரிக்காவிலிருந்து வந்தது. நமீபியாவின் வைர ஊரான கோல்மன்ஸ்கோப்பை எடுத்த பிள்ளை இதே பக்கத்தில், குடிக்கும் தண்ணீர்கூட கேப் டவுனிலிருந்து கப்பலில் வந்ததென்று எழுத வேண்டிவரும்.

சம்பளத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை; எனக்கு அதுதான் முக்கியம். வெடியுப்பு ஊர்களில் 'ஃபிச்சா' என்ற வில்லைகளைக் கொடுத்தார்கள். இணையத்தில் படங்கள் கிடைக்கும், பெருப்பித்துப் பாருங்கள்: காசு போலவே வட்டம், ஆனால் நாட்டின் சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் சுரங்கத்தின் பெயர். அந்தச் சுரங்கத்தின் கடையை விட்டு வெளியே போனால் அதற்கு முழுப் பெறுமதி இல்லை. கடைக்காரன் சொன்னதுதான் விலை. 1907 டிசம்பரில் வேலைநிறுத்தம் செய்து இக்கீக்கேக்கு இறங்கிவந்த தொழிலாளர்களின் கோரிக்கைகளில் இந்த வில்லைப் பிரச்சினையும் இருந்தது. டிசம்பர் 21இல் சாந்தா மரியா பள்ளிக்கூடத்தில் கூடியிருந்தவர்கள் மீது இராணுவம் சுட்டது.

இனி, ஊர் ஏன் காலியானது? "மனே, காரணத்தை ஊருக்குள்ளே தேடாதே" என்பேன். ஹம்பர்ஸ்டனில் உப்பு தீர்ந்துபோகவில்லை. 1909இல் ஜேர்மனியில் பிரிட்ஸ் ஹாபர் காற்றிலிருக்கும் நைதரசனை அமோனியாவாக்கிக் காட்டினார். கார்ல் பொஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோக, 1913இல் ஜேர்மனியின் ஒப்பா என்ற இடத்தில் உற்பத்தி தொடங்கியது. வெடியுப்பு இல்லாமலே பசளையும் வெடிமருந்தும் செய்ய வழி பிறந்தது. முதலாம் உலகப்போரில் பிரித்தானியக் கடற்படை கடலை மறித்து, சிலி உப்பு ஜேர்மனிக்குப் போகாமல் போனதும் அந்தத் தொழில் இன்னும் வளர்ந்தது. இன்று படுவான்கரையில் வயலுக்கு எறிகிற யூரியாவும் அந்த வழியில் வந்த அமோனியாவில் செய்ததுதான். 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து வேளாண்மைக்காரர் பட்ட பாட்டைப் பார்த்த பிள்ளைகளுக்கு, நைதரசனின் பெறுமதியை நான் தனியாக விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் ஊர் மூடியது 1960இல். ஒப்பாவுக்கும் மூடலுக்கும் இடையே நாற்பத்தேழு வருடம். ஒரே இரவாம்!

மற்ற ஊர்களுக்குக் காரணம் வேறு. கோல்மன்ஸ்கோப்பில் 1908இல் வைரத்தைக் கண்டெடுத்தவர் தண்டவாளத்து மணலை அள்ளிய தொழிலாளி சக்காரியாஸ் லெவாலா. பணக்காரரானவர் அவருடைய மேற்பார்வையாளர் அகஸ்ட் ஸ்டவுக். இரண்டு பெயரையும் எழுதுங்கள். 1928இல் தெற்கே ஒரேஞ்சு ஆற்றுப் பக்கம் இதைவிட வளமான வைரப் படிவு கிடைத்ததும் ஆட்கள் அங்கே போகத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் நெவாடாவிலுள்ள ரயோலைட்டில் 1904இல் தங்கம் கிடைத்தது, 1907 நிதி நெருக்கடியில் முதலீடு வற்றியது, 1911இல் பெரிய சுரங்கம் மூடியது, 1916இல் மின்சாரத்தையும் நிறுத்தினார்கள். சுரங்கம் மூடிய ஆண்டும் ஊர் காலியான ஆண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

திகதிகளை இரண்டு நிரலாகப் போடுங்கள்: இடப்பக்கம் ஊரில் நடந்தது, வலப்பக்கம் வெளியுலகில் நடந்தது. வலப்பக்கம் வெறுமையாக இருந்தால் தேடல் போதாது; அந்தக் கொப்பியைத் திருப்பித் தருவேன்.

மூடிய ஆண்டுடன் நிரலை நிறுத்த வேண்டாம். அட்டகாமாவின் இன்னொரு வெடியுப்பு ஊரான சாக்காபுகோ, 1973இல் இராணுவத் தளபதி பினோசே சிலியின் ஆட்சியைப் பிடித்தபின் அரசியல் கைதிகளின் முகாமானது. ஹம்பர்ஸ்டனும் பக்கத்து சாந்தா லோராவும் 2005இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. அதே ஆண்டில் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் ஏறி, 2019இல்தான் அதிலிருந்து நீங்கின. இவற்றை எழுதக் கடைசியில் அரைப் பக்கமாவது விடுங்கள்.