பிளஸ் டூ அக்கவுண்டன்சியும் வணிகவியலும்: மதிப்பெண் நழுவும் இடங்கள்

காமர்ஸ் குரூப் எடுத்தவர்கள் இரண்டு பாடத்தையும் ஒரே மாதிரி படிப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. வணிகவியல் எழுதிப் பழக வேண்டிய பாடம், கணக்குப்பதிவியல் (அக்கவுண்டன்சி) போட்டுப் பழக வேண்டிய பாடம். தீர்த்து வைத்த கணக்கை வாசித்தால் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். விடையை மூடிவிட்டு வெறுந்தாளில் போட்டால்தான் கை எந்த வரியில் நிற்கிறது என்று தெரியும்.

தமிழ்நாடு பொதுத்தேர்வில் இரண்டுக்கும் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. ஒரு மதிப்பெண் வினா 20. இரண்டு மதிப்பெண்ணிலும் மூன்று மதிப்பெண்ணிலும் பத்துக்கு ஏழு. ஐந்து மதிப்பெண்ணில் ஏழு, ஒவ்வொன்றுக்கும் ‘அல்லது’ உண்டு. 30-ஆம் வினாவும் 40-ஆம் வினாவும் கட்டாயம். எண்ணி ஏழு எழுதிவிட்டோம் என்று இவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு மதிப்பெண்ணில் ‘ஆ’ என்று மட்டும் போடாமல் விடையையும் சேர்த்து எழுத வேண்டும்.

அக்கவுண்டன்சியின் பத்துப் பாடத்தில் நான்கு கூட்டாண்மை (பார்ட்னர்ஷிப்). மூன்றாம் பாடம் ஆட்டம் கண்டால் ஆறாம் பாடம் வரை ஆடும், ஆகவே நேரத்தை இங்கே கொட்டுங்கள். உடன்பாட்டில் எதுவும் சொல்லாவிட்டால் 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி இலாபம் சமமாகப் பிரியும். சம்பளம் இல்லை, கூட்டாளி போட்ட முதல் (மூலதனம்) மீது வட்டி இல்லை, சொந்தச் செலவுக்கு எடுக்கும் எடுப்புகள் மீதும் வட்டி இல்லை. கூட்டாளி கொடுத்த கடனுக்கு மட்டும் ஆண்டுக்கு 6% வட்டி உண்டு. மூலதனத்தை 2:1 என்று போட்டிருக்கிறார்கள் என்பதற்காக இலாபத்தையும் 2:1-ல் பிரிப்பது பழைய பொறி.

எடுப்புகள் மீது வட்டிக்கு மாதக் கணக்கை மனப்பாடம் செய்துவிடலாம். மாதாமாதம் ஒரே தொகை எடுத்தால், மாதத் தொடக்கத்தில் 6.5 மாதம், நடுவில் 6, இறுதியில் 5.5. காலாண்டுக்கு ஒருமுறை என்றால் 7.5, 6, 4.5. ஒவ்வொரு மாத இறுதியிலும் ₹2,000 வீதம், வட்டி 12% என்றால் 24,000 × 12/100 × 5.5/12 = ₹1,320. தொடக்கத்தில் எடுத்திருந்தால் ₹1,560. ‘இறுதியில்’ என்ற ஒரு சொல்லைக் கவனிக்காவிட்டால் ₹240 பிசகும்.

கூட்டாளி சேர்ப்பில் பெரும்பாலானோர் தடுமாறுவது எதை எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதில்தான். மறுமதிப்பீட்டு இலாபமோ நட்டமோ, பொதுக் காப்பு, பகிர்ந்து தரா இலாபம், ஏட்டில் ஏற்கெனவே இருக்கும் நற்பெயரை (குட்வில்) போக்கெழுதுவது எல்லாம் பழைய விகிதம். புதியவர் கொண்டுவரும் நற்பெயர்த் தொகை மட்டும் தியாக விகிதம், அதாவது பழையவர்கள் விட்டுக்கொடுத்த பங்குகளின் விகிதம். ராஜாவும் மணியும் 5:3-ல் பகிர்கிறார்கள். கவிதா 1/5 பங்குக்கு வருகிறார். அதில் ராஜாவிடமிருந்து 3/20, மணியிடமிருந்து 1/20. இப்போது ராஜாவுக்கு 5/8 − 3/20 = 19/40, மணிக்கு 3/8 − 1/20 = 13/40, கவிதாவுக்கு 8/40. புதிய விகிதம் 19:13:8, தியாக விகிதம் 3:1. கவிதா நற்பெயருக்கு ₹40,000 ரொக்கம் கொண்டுவந்தால் ராஜாவுக்கு 30,000, மணிக்கு 10,000. பழைய விகிதத்தில் போட்டவருக்கு 25,000, 15,000 என்று வரும். கொடுமை என்னவென்றால், அப்படிப் போட்டாலும் இருப்புநிலைக் குறிப்பு (பேலன்ஸ் ஷீட்) சமமாகிவிடும். சமமானதால் சரி என்று நம்பி அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள்.

யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்று கணக்கில் சொல்லாமல், புதியவரின் பங்கை மட்டும் கொடுத்திருந்தால் தியாக விகிதமும் பழைய விகிதமும் ஒன்றே. தனியாகக் கண்டுபிடித்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

அடுத்து நிறுமக் (கம்பெனி) கணக்குகளில் பங்கு ஒறுப்பிழப்பு, அதாவது அழைப்புப் பணம் கட்டாதவரின் பங்கைப் பறிமுதல் செய்வது. ₹10 பங்கு 100; பங்குக்கு ₹6 கட்டி, இறுதி அழைப்பு ₹4 கட்டாததால் ஒறுப்பிழப்பு. அதில் 60 பங்கு மட்டும் ₹8-க்கு மறுவெளியீடு. ஒறுப்பிழப்புத் தொகை மொத்தம் ₹600 என்றாலும் 60 பங்குக்கு உரியது ₹360. தள்ளுபடி ₹120 போக ₹240 தான் முதலினக் காப்புக்கு (கேப்பிட்டல் ரிசர்வ்) போகும். 600-லிருந்து 120-ஐக் கழித்து 480 என்று எழுதுபவர்கள், மறுவெளியீடு ஆகாத 40 பங்கின் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள்.

விகிதப் பகுப்பாய்வு எளிது. சூத்திரத்தை எழுதிவிட்டு எண்ணைப் போடுங்கள். விரைவு விகிதத்தில் நடப்புச் சொத்துகளிலிருந்து சரக்கிருப்போடு முன்கூட்டிச் செலுத்திய செலவுகளையும் கழிக்க வேண்டும்.

வணிகவியலுக்கு வருவோம். பாடம் 28 என்றதும் மலைக்க வேண்டாம், பல பாடங்கள் சின்னவை. ஐந்து மதிப்பெண் விடைக்கு முக்கால் பக்கப் பத்தி எழுதுவது வீண்; ஐந்து துணைத்தலைப்பு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி போதும். ஹென்றி ஃபேயாலின் 14 தத்துவங்களில் ஐந்தைக் கேட்டால் ஐந்து எழுதுங்கள், பதினான்கையும் அல்ல. வேறுபாடு கேட்டால் ‘அடிப்படை’ என்று முதல் கட்டம் போட்ட அட்டவணை. விற்பனை, விற்பனை உடன்பாடு என்றால் முதல் வரியே உரிமை மாற்றம்: முன்னதில் உரிமை உடனே மாறும், பின்னதில் பிறகுதான் மாறும். சட்டப் பாடங்களில் ஆண்டு ஒரு மதிப்பெண்ணுக்கு வரக்கூடியது: மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, சரக்கு விற்பனைச் சட்டம் 1930, நிறுமங்கள் சட்டம் 2013. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 1988-ல் அமைக்கப்பட்டு 1992-ல் சட்ட அதிகாரம் பெற்றது. கேள்வி எந்த ஆண்டைக் கேட்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

தேர்வறையில் இருப்புநிலைக் குறிப்பு சமமாகாவிட்டால் முதலிலிருந்து மறுபடி போடாதீர்கள். வித்தியாசத்தை இரண்டால் வகுத்து, அந்தத் தொகை கணக்கில் எங்காவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைப் பற்று வரவு மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் 5,400-ஐ 4,500 என்ற மாதிரி இலக்கம் இடம் மாறியிருக்கலாம். மூன்று நிமிடத்தில் அகப்படாவிட்டால் கீழே இடம் விட்டு அடுத்த வினாவுக்குப் போங்கள். அதுவரை போட்ட பதிவுகளுக்கு மதிப்பெண் உண்டு. ஆகவே எதையும் அடித்துவிடாதீர்கள்.