கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லையா?

டெர்மினலில் ஒழுங்காக ஓடும் ஸ்கிரிப்ட், கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் லினக்ஸ் நிரல்) போட்டதும் சத்தமே இல்லாமல் நின்றுவிடும். முதலில் எக்ஸிட் கோடை, அதாவது ஸ்கிரிப்ட் முடியும்போது திருப்பித் தரும் எண்ணைப் பாருங்கள். 126 என்றால் கோப்பு இருக்கிறது, ஆனால் இயக்க முடியவில்லை. பெரும்பாலும் அனுமதிச் சிக்கல். 127 என்றால் நிரலே அகப்படவில்லை. நான் ஒரு ராத்திரி முழுக்கத் தேடியது இந்த 127-ஐத்தான்.

கிரானுக்குக் கிடைக்கும் பாத், அதாவது நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல், ரொம்பச் சின்னது. டெபியன் லினக்ஸில் பயனரின் கிரான்டேபுக்கு (கிரான் வேலைகளின் பட்டியல்), யூஎஸ்ஆருக்குள் இருக்கும் 'பின்' கோப்புறை (/usr/bin), வெளியே இருக்கும் 'பின்' கோப்புறை (/bin) என்று இரண்டே இடம்தான். ஃபயர்வால் நிரலான ஐபிடேபிள்ஸ் இருக்கும் 'எஸ்பின்' கோப்புறை (sbin) அதில் சேராது. டெர்மினலில் 'விச்' (which) என்று அடித்து, பக்கத்திலேயே நிரலின் பெயரைக் கொடுங்கள். முழு முகவரி வரும். அதை அப்படியே ஸ்கிரிப்டில் எழுதிவிடுங்கள். அப்புறம், பிழைச் செய்திகளை ஒரு லாக் கோப்புக்குத் திருப்பிவிட மறக்காதீர்கள்.