வீட்டுப் பூனையோடு புதுக் குட்டியைச் சேர்த்து வைப்பது எப்படி?

குட்டியைக் கொண்டு வந்ததும் நேராகக் கூடத்தில் இறக்கிவிட்டு, "பாரு, உனக்குத் தம்பி வந்திருக்கான்" என்று பெரிய பூனையின் மூக்குக்கு முன்னால் நீட்டுகிறோமே, அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். சோபா மூலை, கதவு நிலை, உங்கள் கால் என்று எல்லாவற்றிலும் கன்னத்தைத் தேய்த்துத் தன் வாசனையைப் பூசி வைத்திருக்கும் பூனைக்கு அந்த வீடு முழுக்கத் தன்னுடையது. அங்கே வேறு வாடையோடு ஒரு உயிர் திடீரென்று வந்து நின்றால், குட்டிதானே என்று அது விட்டுக்கொடுக்காது. சீறும், அடிக்கும், இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கும். முதல் சந்திப்பே சண்டையாகிவிட்டால் அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகலாம்.

அதனால் முதல் வேலை, குட்டிக்கென்று கதவு சாத்தக்கூடிய ஒரு அறை. சின்ன வீடென்றால் காய்ந்த பாத்ரூம் கூடப் போதும், ஆனால் பக்கெட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது, ஃபினாயில் போட்டுத் துடைக்கவே கூடாது. பூனைக்கு அது நஞ்சு, காலில் ஒட்டியதை நக்கினாலே உள்ளே போய்விடும். மணல் தொட்டி ஒரு மூலை, சாப்பாடு எதிர் மூலை, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி.

இந்தத் தனியறை ஏற்பாடு பழகுவதற்கு மட்டுமல்ல. தெருவில் கிடைத்த குட்டி என்றால் அதன் உடம்பில் என்ன இருக்கிறதென்று பார்த்தால் தெரியாது. பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் தடுப்பூசி போடாத பூனைகளைச் சில நாளிலேயே கொன்றுவிடும், வீட்டுத் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே 2 வாரம் முழுத் தனிமை. குட்டியைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பெரியதிடம் போகணும். தடுப்பூசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3-4 வாரத்துக்கு ஒருமுறை என்று 16 வாரம் வரை போடுவார்கள். அதே நேரத்தில் பூச்சி மருந்து, படர்தாமரை இருக்கிறதா என்ற சோதனை (அது மனிதருக்கும் ஒட்டும்), பெரிய பூனையின் ஊசி பாக்கி இருந்தால் அதுவும். உண்ணிக்கு நாய் மருந்தை எடுத்துத் தடவிவிடாதீர்கள், பெர்மெத்ரின் கலந்ததாக இருந்தால் பூனை வலிப்பு வந்தே செத்துப்போகும்.

டாக்டர் சரி என்றதும் வாசனையை மாற்றிக் கொடுக்க ஆரம்பிக்கலாம். பழைய பருத்தித் துணியால் குட்டியின் கன்னத்தைத் தடவி, பெரியது நடமாடும் இடத்தில் போடுங்கள். அது படுக்கும் இடத்திலோ சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழோ வேண்டாம். முதல் தடவை முகர்ந்துவிட்டு, துணியைப் பார்த்தே 'ஹ்ஸ்ஸ்' என்று சீறிவிட்டுப் போகும். இரண்டு மூன்று நாள் கழித்து முகர்ந்துவிட்டுப் பேசாமல் உடம்பை நக்க உட்கார்ந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சாப்பாடு வையுங்கள். தொடக்கத்தில் தட்டு கதவிலிருந்து நாலைந்து அடி தள்ளியே இருக்கட்டும், சாப்பிடத் தயங்காமல் வந்தால் தினமும் கொஞ்சம் நகர்த்தலாம். உப்புப் போடாமல் வேகவைத்து முள் நீக்கிய மீனோ கோழியோ, எது அதற்கு உயிரோ அதை இந்த நேரத்துக்கென்றே ஒதுக்கி வையுங்கள், குட்டியின் வாடை வந்தால் நல்ல சாப்பாடும் வரும் என்று அதன் மூளையில் ஏறணும்.

அடுத்தது பார்வை. நம் வீடுகளில் இருக்கும் கொசுவலைக் கதவு இதற்கென்றே செய்தது போல இருக்கும், ஆனால் இரும்பு வலையாக இருக்கணும். வெல்க்ரோ வைத்து ஒட்டும் நைலான் வலை ஒரே பாய்ச்சலில் கழன்று வந்துவிடும். வலைக்கு இரண்டு பக்கமும் சாப்பாடு வைத்து, சாப்பிட்டு முடித்ததும் மரக்கதவைச் சாத்திவிடுங்கள். இங்கே பெரியதின் உடம்பைக் கவனிக்கணும். சீறுவது பிரச்சினை இல்லை, 'தள்ளி நில்' என்று சொல்கிறது, அவ்வளவுதான், அதற்காகத் திட்டாதீர்கள். காது பின்னால் படிந்து, கண் இமைக்காமல் வெறித்து, உறுமிக்கொண்டே உடம்பைத் தரையோடு தாழ்த்தினால் அன்றைக்குப் போதும், மறுநாள் இன்னும் தூரத்திலிருந்து தொடங்குங்கள்.

வலைக்கு அந்தப் பக்கம் குட்டி குதித்தாலும் பெரியது தட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறதா? கதவைத் திறக்கலாம். முன்னதாகக் குட்டியை நன்றாக விளையாட விட்டு அலுக்க வையுங்கள், ஏனென்றால் துறுதுறுவென்று வாலைப் பிடிக்கப் போகும் குட்டியைத்தான் பெரிய பூனைக்குப் பிடிக்கவே பிடிக்காது. நகத்தின் கூர்நுனியை வெட்டிவிடுங்கள். குட்டியைக் கையில் தூக்கி வைத்துக் காட்டாதீர்கள், கீறல் உங்கள் முகத்தில்தான் விழும். முதல் நாள் 5 நிமிடம், அப்புறம் 10, இப்படியே கூட்டுங்கள். நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு தலையில் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடுங்கள், குட்டி மரியாதை கற்றுக்கொள்ளட்டும். உருண்டு கட்டிப் புரண்டால் கையை உள்ளே நுழைக்காமல் நடுவில் ஒரு பெரிய அட்டையைச் செருகுங்கள். வீட்டில் ஆள் இல்லாதபோதும் ராத்திரியிலும் இன்னும் சில வாரம் தனித்தனி அறைதான்.

மணல் தொட்டி பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, அதாவது மூன்று, வெவ்வேறு இடங்களில் வையுங்கள். பீரோ மேலேயோ பரண் மேலேயோ குட்டி ஏற முடியாத ஒரு இடம் பெரியதுக்கு இருக்கட்டும், சாப்பாடும் கொஞ்சலும் முதலில் அதற்குத்தான். இத்தனை நாளில் அது ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலோ, ஆண் பூனை தொட்டியில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள், சிறுநீர் அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். குட்டி பெட்டையோ கடுவனோ, 5 மாதம் ஆவதற்குள் கருத்தடைக்குத் தேதி வாங்கிவிடுங்கள். 4 மாதத்திலேயே சினை பிடிக்கும் குட்டிகள் உண்டு.