நாட்டுக்கோழி இருக்கும் வீட்டில் வான்கோழிக் குஞ்சு வளர்ப்பது எப்படி?

முதலில் மயிலைப் பற்றி ஒரு வார்த்தை. வயல் வரப்பிலோ புதரிலோ மயில் முட்டை கிடைத்தால், அதைக் கொண்டுவந்து அடைக்கோழிக்கு வைத்துப் பொரிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கக் கூடாது. மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. முட்டையை எடுப்பதும் குஞ்சை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். முட்டையை இருந்த இடத்திலேயே விடுங்கள், ஆபத்தில் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சட்டத்துக்குட்பட்டு வளர்க்கக்கூடிய வான்கோழி சில விஷயங்களில் மயிலை ஒத்தது. அடைகாலம் இரண்டுக்கும் 28 நாள். மயிலைக் கொல்லும் அதே கருந்தலை நோய்தான் வான்கோழியையும் கொல்லும், அந்த நோயைத் தன் உடம்பில் சத்தமில்லாமல் வைத்திருப்பது நாட்டுக்கோழி. அதனால் கோழியும் வான்கோழியும் ஒரே வீட்டில் வளரலாம், ஆனால் முடிந்தவரை ஒரே தரையை மிதிக்கக் கூடாது, குஞ்சுப் பருவத்தில் கண்டிப்பாகக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் 10 குஞ்சு வைத்துத் தொடங்குபவருக்கான கணக்கு.

படி 1: முட்டையா, குஞ்சா?

தமிழ்நாட்டு வெயிலுக்குப் பழகிய ரகம் வேண்டுமென்றால் நந்தனம் வான்கோழி-1 நல்லது. கறுப்பு நாட்டு ரகத்தையும் பெல்ட்ஸ்வில் ஸ்மால் ஒயிட்டையும் சேர்த்து உருவாக்கியது. குஞ்சு வாங்குவதானால் சந்தையில் வேண்டாம். அங்கே எல்லா வயதுக் கோழியோடும் ஒரே கூடையில் இருந்து வந்திருக்கும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பண்ணையிலோ, இன்குபேட்டர் வைத்துப் பொரிக்கும் தெரிந்த பண்ணையிலோ ஒரு நாள் குஞ்சாக வாங்குங்கள்.

முட்டை வாங்கினால் இட்டு 7 நாளுக்குள் அடை வைத்துவிட வேண்டும். அதுவரை கூர்முனை கீழே இருக்கும்படி குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும். கழுவ வேண்டாம். அழுக்கான முட்டையை ஒதுக்கிவிடுங்கள்.

படி 2: அடை வைத்தல்

நாட்டுக்கோழியின் அடியில் வான்கோழி முட்டை 6 முதல் 8 வரைதான் அடங்கும். முட்டை ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரு மடங்கு எடை. அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்து எல்லாமே கூமுட்டையாகும். கோழி முட்டையையும் வான்கோழி முட்டையையும் ஒரே நாளில் ஒரே கோழிக்கு வைப்பதும் தப்பு. கோழிக்குஞ்சு 21-ஆம் நாளில் வெளியே வந்ததும் தாய் அதைக் கூட்டிக்கொண்டு எழுந்துவிடும். வான்கோழி முட்டைக்கு இன்னும் ஒரு வாரம் சூடு வேண்டும், அது அப்படியே செத்துப்போகும். முட்டை வைக்கும் முன் கோழியின் இறக்கைக்கு அடியில் பேன், செள்ளு இருக்கிறதா என்று பாருங்கள். கடி தாங்காமல் பாதியில் எழுந்துவிடும் கோழிகள்தான் அதிகம்.

இன்குபேட்டர் என்றால் 37.5 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் முதல் 25 நாள் 55 முதல் 60 சதவீதம், கடைசி 3 நாள் 70-க்கு மேல். 25-ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட வேண்டும். 8 அல்லது 10-ஆம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துக் கரு பாருங்கள். சிலந்தி வலை மாதிரி ரத்த நாளம் ஓடியிருந்தால் உயிர் இருக்கிறது, வெறுமனே மஞ்சளாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம்.

இன்குபேட்டரில் செய்ய இன்னொரு வேலை உண்டு. வான்கோழி முட்டை வைத்த 7-ஆம் நாள், இரண்டு மூன்று நாட்டுக்கோழி முட்டைகளையும் உள்ளே வையுங்கள். இரண்டும் ஒரே நாளில் பொரிக்கும். ஏன் என்பது படி 4-இல் வருகிறது.

படி 3: புரூடர்

புரூடர் என்பது குஞ்சுகளுக்குச் சூடு கொடுத்து வளர்க்கும் அடைப்பு. குஞ்சு வருவதற்கு முந்தைய நாளே அது தயாராக இருக்க வேண்டும். முதல் 4 வாரத்துக்குக் குஞ்சு ஒன்றுக்கு 1.25 சதுர அடி இடம். 10 குஞ்சுக்கு 4 அடி விட்டமுள்ள வட்டம் சரியாக வரும். ஒன்றரை அடி உயரத் தகரத்தையோ அட்டையையோ வளைத்துக் கட்டுங்கள். சதுரப் பெட்டி வேண்டாம். குளிர் எடுத்தாலும் பயந்தாலும் குஞ்சுகள் மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அடியில் மாட்டியது மூச்சுமுட்டிச் சாகும்.

தரையில் 2 அங்குலம் நெல் உமி. முதல் 3 நாள் அதன் மேல் சுத்தமான சணல் சாக்கை விரியுங்கள். உமியைத் தீனி என்று நினைத்துக் குஞ்சு விழுங்காது, காலும் வழுக்காது. செய்தித்தாள் விரித்தால் கால் இரண்டு பக்கமும் அகன்றுபோய் நடக்க முடியாமல் ஆகிவிடும். மரத்தூளைத் தவிர்த்துவிடுங்கள். வான்கோழிக் குஞ்சு அதைத் தின்று இரைப்பை அடைத்துக்கொள்ளும்.

சூட்டுக்கு 60 வாட் குண்டு பல்பு ஒன்று, மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு ஒன்று. எல்இடி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. குஞ்சு நிற்கும் மட்டத்தில் முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். 4 வாரம் போதும், மார்கழிக் குளிரில் 5, 6 வாரம் ஆகும். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சைப் பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்தால் சூடு போதவில்லை. ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கத்தில் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது.

படி 4: தின்னக் கற்றுக்கொடுத்தல்

முதல் வாரத்தில் சாகும் வான்கோழிக் குஞ்சுகளில் பெரும்பாலானவை நோயால் சாவதில்லை, பசியால் சாகின்றன. கண் முன்னே தீனி இருக்கும், தெரியாது. தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்திலேயே நின்று கத்திக்கொண்டிருக்கும். பார்வை மந்தம், பயம் அதிகம். கோழிக்குஞ்சு போலத் தானாகவே கொத்தத் தொடங்கிவிடும் என்று விட்டுவிட்டால் 3-ஆம் நாளிலிருந்து ஒவ்வொன்றாக விழும்.

குஞ்சைப் புரூடரில் விடும்போது ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் தொடச் செய்யுங்கள். தலையைத் தூக்கி விழுங்கும்வரை விடாதீர்கள். இரண்டு முறை செய்தால் பழகிவிடும். தண்ணீர்த் தட்டில் ஆழம் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், கூழாங்கல்லோ கலர்க் கோலிக்குண்டோ போட்டு வையுங்கள். பளபளப்பைப் பார்த்துக் கொத்த வரும், உள்ளே விழுந்து நனையவும் செய்யாது.

தீனியை ஆழமான டப்பாவில் வைக்காமல் கலர் முட்டை அட்டையில் பரப்பி, மேலே பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரையைத் தூவுங்கள். பச்சை நிறம் அதை இழுக்கும். மணிக்கொரு முறை விரலால் அட்டையைத் தட்டுங்கள். தாய்க்கோழி கொத்திக் காட்டுகிற வேலையைத்தான் இப்போது உங்கள் விரல் செய்கிறது. அதே வேலையை உங்களைவிட நன்றாகச் செய்வது அன்றே பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சு. 10 வான்கோழிக் குஞ்சுக்கு இரண்டு விட்டால் போதும், அவை கொத்துவதைப் பார்த்து மற்றவையும் கொத்தும். இன்குபேட்டரிலிருந்து நேராக வந்த குஞ்சாக இருக்க வேண்டும். தாயோடு தரையில் திரிந்த குஞ்சை ஒருபோதும் உள்ளே விடாதீர்கள்.

முதல் 15 நாள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால், 10 குஞ்சுக்குத் தினம் ஒரு வேகவைத்த முட்டை. முட்டையை உதிர்த்துத் தீனியோடு கலக்கலாம். பால் கலந்த தண்ணீர் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். 3 மணி நேரத்துக்கு ஒருமுறை கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவி ஊற்றுங்கள்.

இரவு விளக்கை மங்கலாக்கும் முன் ஒவ்வொரு குஞ்சின் கழுத்தடியையும் விரலால் தொட்டுப் பாருங்கள். தின்ற குஞ்சின் தீனிப்பை மெத்தென்று உருண்டையாக இருக்கும். தின்னாததில் தோல் மட்டும் கையில் வரும். அதைத் தனியாக எடுத்து, முட்டை மஞ்சள் கருவைப் பாலில் குழைத்து, அலகின் ஓரத்தில் துளித் துளியாக வையுங்கள். முதல் 5 நாள் இந்தச் சோதனையை ஒரு நாள்கூட விட வேண்டாம்.

படி 5: தீனி

முதல் 4 வாரம் வான்கோழிக் குஞ்சுக்கு 28 சதவீதம் புரதம் வேண்டும். பிராய்லர் குஞ்சுக்கு முதலில் கொடுக்கும் பிரீ-ஸ்டார்ட்டர் தீனியில் 23 சதவீத அளவில்தான் இருக்கும். தனித் தீனி கிடைக்காத ஊரில், 780 கிராம் பிரீ-ஸ்டார்ட்டருக்கு 220 கிராம் சோயாப் பிண்ணாக்குத் தூள் கலந்தால் கணக்கு ஏறத்தாழ 28-க்கு வரும். கால்நடைத் தாது உப்புக் கலவை கொஞ்சம் சேருங்கள். பச்சைச் சோயா பயறை அரைத்துப் போடக் கூடாது, செரிக்காது. புரதம் குறைந்தால் இறக்கை முளைப்பது தாமதமாகும், கால் வளையும்.

பிராய்லர் தீனி வாங்கும்போது மூட்டையின் லேபிளைப் படியுங்கள். ரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சில தீனிகளில் சாலினோமைசின், நராசின் என்ற மருந்துகளைக் கலப்பார்கள். பிராய்லருக்கு அது பாதுகாப்பு, வான்கோழிக்கு விஷம். கால் விளங்காமல் படுத்து, ஒரே நாளில் பல பறவைகள் போகும். வாதம் என்றோ கழிச்சல் என்றோ நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள், தீனியோ தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும். லேபிளில் விவரம் இல்லையென்றால் கடைக்காரரிடம் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். உறுதியாகத் தெரியாத மூட்டை வேண்டாம்.

4-இலிருந்து 8 வாரம்வரை புரதம் 26 சதவீதம், அதன் பிறகு 22. கீரை, அகத்தி, குதிரைமசால், வெங்காயத்தாள் எல்லாம் விரும்பித் தின்னும். முட்டைக்கோழித் தீனியை வளரும் குஞ்சுக்குக் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

படி 6: தடுப்பூசி

முதல் நாள் ராணிக்கெட், அதாவது வெள்ளைக்கழிச்சலுக்கு பி1 என்ற தடுப்பு மருந்து. 4, 5-ஆம் வாரத்தில் அம்மை. 6-ஆம் வாரத்தில் ராணிக்கெட்டுக்கு மறுபடியும் ஆர்2பி. 8-இலிருந்து 10 வாரத்துக்குள் காலரா. அம்மைத் தடுப்பூசியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கொசு கடித்தும் பரவும், முகமெல்லாம் கொப்புளமாகி இரண்டு கண்ணும் மூடிக்கொள்ளும். கண் மூடினால் பட்டினிதான். வீட்டு நாட்டுக்கோழிகளுக்கும் ராணிக்கெட் ஊசி போட்டிருக்க வேண்டும்.

படி 7: தரையில் விடுவது

கருந்தலை நோய்க்குக் காரணம் ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. கோழியின் குருட்டுக்குடலில் வாழும் சிறு புழுவின் முட்டைக்குள் அது ஒளிந்திருக்கும். கோழி எச்சத்தோடு தரையில் விழும் அந்தப் புழுமுட்டை மண்ணில் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும், மண்புழுவும் அதைத் தன்னுள் வைத்திருக்கும். கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. வான்கோழி தின்றால் ஈரல் அழுகும். வான்கோழி முட்டை வழியாக இந்த நோய் வருவதில்லை. குஞ்சு சுத்தமாகத்தான் பிறக்கிறது, தரைதான் அதைக் கெடுக்கிறது. நாட்டுக்கோழியை அடைக்குப் பயன்படுத்தலாம், வளர்க்க அதனிடம் விடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். பொரித்து உடம்பு காய்ந்ததும் குஞ்சைப் புரூடருக்கு மாற்றிவிடுங்கள்.

8 வாரம்வரை கூண்டுக்குள்ளேயே. அதன் பிறகும் கோழி மேயாத, வெயில் படும், தண்ணீர் தேங்காத ஒரு பகுதியை வலை போட்டுப் பிரித்து அங்கே விடுங்கள். நிலம் இல்லாதவர்கள் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் மரச்சட்டம் போட்டுப் பரண் கட்டலாம், எச்சம் கீழே விழுந்துவிடும். 16 வாரம்வரை பறவைக்கு 2.5 சதுர அடி, பிறகு 4. கோழிக்கொட்டகைக்கு ஒரு செருப்பு, இங்கே ஒரு செருப்பு. காலையில் வான்கோழி வேலையை முடித்துவிட்டுக் கோழியிடம் போங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். மயில் வந்து போகிற தோட்டமென்றால் தீனித் தட்டைத் திறந்தவெளியில் வைக்க வேண்டாம். உங்கள் கோழியின் புழு மயிலுக்கும் போகும்.

கோழிகளுக்குக் குடற்புழு நீக்கம் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பிப்பரசின் பெரிய உருண்டைப்புழுவுக்குத்தான் நன்றாக வேலை செய்யும், இந்தக் குருட்டுக்குடல் புழுவுக்குப் போதாது. ஃபென்பென்டசோல் கேளுங்கள், அளவை மருத்துவரிடம் எடைக்கேற்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பறவை தலை தொங்கி, இறக்கை சரிந்து, கந்தக மஞ்சள் நிறத்தில் கழிந்தால் அன்றைக்கே பிரித்து வையுங்கள். பெயர் கருந்தலை என்றாலும் தலை கறுப்பது எல்லாப் பறவையிலும் வராது, மஞ்சள் எச்சத்தைத்தான் நம்ப வேண்டும். செத்ததை ஐஸ் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரலில் வட்ட வட்டமாக, நடுவில் குழிந்த புண் இருந்தால் இந்த நோய்தான். கடையில் நீங்களாக மருந்து வாங்கி ஊற்றுவதில் பயனில்லை.

வளர்ந்த பிறகு

வளர்ந்த வான்கோழிக்கும் கருந்தலை வரும். தனி இடம் இருந்தால் பிரித்தே வையுங்கள். சேர்த்துத்தான் மேய்க்க முடியும் என்றால் கோழிகளுக்குக் குடற்புழு நீக்கம் தவறக் கூடாது, தரையும் காய்ந்திருக்க வேண்டும். தீனித் தொட்டிகளைக் குறைந்தது இரண்டு இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் பெரியது சின்னதை விரட்டும். 5 பெட்டைக்கு ஒரு ஆண் போதும். பருவத்துக்கு வந்த ஆண் வான்கோழி சேவலை எதிர்த்து நிற்கும், நாட்டுக்கோழிப் பெட்டை மேல் ஏறினால் எடை தாங்காமல் பெட்டைக்கு எலும்பு முறியலாம். அந்த மாதங்களில் ஆணைத் தன் பெட்டைகளோடு தனியாக அடையுங்கள். 30-ஆம் வாரத்தை ஒட்டிப் பெட்டை முட்டையிடத் தொடங்கும். அதற்கு முன்பே ஆணின் கால் நகங்களை நுனியில் வெட்டிவிடுங்கள், பெட்டைகளின் முதுகு கிழியாது.